மூதாதையின் கொலையும் வழித்தோன்றலின் கடனும்

1850ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் ஸ்ரேலிபிறிட்ஜ் என்னும் ஊர்த் திருவிழாவில் இஞ்சிப் பணியாரம் விற்றுக்கொண்டிருந்த வியாபாரி ஒருவனை, அற்பத் தகராறொன்றின் காரணமாகச் சினங்கொண்ட கூட்டம் உதைத்துக் கொன்றுவிட்டது. ஈ. எச். கார் தமது ‘வரலாறு என்றால் என்ன?’ (1961) என்னும் நூலில் இச்சம்பவத்தை எடுத்துக்காட்டி, இது வரலாற்று உண்மையா என்ற வினாவை எழுப்புகின்றார். வரலாற்றாசிரியர் பலர் ஏற்று எடுத்தாளும்போதே ஒரு நிகழ்ச்சி அத்தகுதியைப் பெறுகின்றது என்பது அவர் விடை. கலைப்பீடத்து விரிவுரை மண்டபங்களிற் பலமுறை அலசப்பட்ட பகுதி இது. ஆயினும் அவ்விவாதங்களில் ஒருவர் எப்போதும் மறக்கப்பட்டுவிடுகின்றார். அவ்வியாபாரிக்கு ஒரு பேத்தி இருந்து, அவள் எழுத்தறிந்தவளாகவும் இருந்திருப்பின், பாட்டன் கொலையுண்டது வரலாற்று உண்மையாகும்வரை அவள் எவருடைய அங்கீகாரத்துக்காகவும் காத்திருக்கப் போவதில்லை. அவளுக்கு அது பிறந்த நாள் முதல் உண்மை. உதைத்தவர் எவர், அவர்கள் பெயர் எந்த ஏட்டில் உளது என்பனவே அவள் வினாக்கள்.

இவ்வினாக்களின் ஒழுக்கவியற் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன்னர் கொலையுண்ட மூதாதையைப் பற்றிப் பழைய ஏடுகளைத் தேடிப் புரட்டும் ஒருவர் எதனைச் செய்கின்றார்? கொலைஞர் இறந்துவிட்டனர்; தண்டிக்கப்பட எவருமிலர். தேற்றப்படவேண்டிய விதவையும் இலள். நேரிற் கண்டறியாத ஒருவருக்காக எழும் இவ்வுணர்ச்சியைத் துக்கமென்பதா, வெறும் அறியும் ஆவலென்பதா? உண்மையை அறிய அவருக்கு உரிமையுண்டெனில், அதனைத் தெரிவிக்கும் கடமை எவரைச் சாரும்? உரிமையொன்று இருக்குமிடத்து அதற்கு எதிரே கடமையொன்றும் இருத்தல் வேண்டுமென்பது ஒழுக்கவியலின் பாலபாடம். கடமையாளர் எவரெனக் காட்டாத உரிமை ஏக்கமாகவே எஞ்சும்.

பொதுவிற் பேசினால் இவ்விடயம் விரைவிலே காற்றிற் கரைந்துவிடும். எனவே ஓர் உண்மைச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்திலே, யூட்டாவின் தென்மேற்கு மூலையில், மவுண்டன் மெடோஸ் என்னும் மலைப் புற்றரையில் 1857ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆந் திகதி ஏறத்தாழ 120 பேர் கொல்லப்பட்டனர். இதனைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. அக்கொலையின் இரு பக்கத்தாரும் பிற்காலத்தில் ‘முன்னோடிகள்’ என்று மரியாதையுடன் அழைக்கப்பட்ட குடியேற்றக்காரர். கொன்றவர்களோ குறிப்பேடு எழுதுவதை மதக் கடமையாகவே கொண்ட சமூகத்தினர்.

யூட்டாவிற் குடியேறியவர்கள் மோர்மன் மதத்தினர். 1847 ஜூலையில் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அவர்கள் அடைந்த நாள் இன்றும் அம்மாநிலத்தில் முன்னோடிகள் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. இறந்த மூதாதையருக்காக உயிரோடிருப்போர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. அதற்கு மூதாதையரின் பெயர் தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே வமிசாவளி தேடுதல் அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று, சமயக் கருமம். 1894இல் அதற்கெனவே யூட்டாவில் ஒரு வமிசாவளிச் சங்கம் நிறுவப்பட்டது. இன்று உலகெங்குமுள்ள பதிவேடுகளின் நிழற்படிகளை வைத்திருப்போர் அவர்களே. இறந்தோரின் பெயர்களை இத்துணை அக்கறையோடு காத்த மக்களிடையே, தமது மண்ணில் இறந்த 120 பேரைப் பற்றிய பேச்சு மட்டும் ஒரு நூற்றாண்டாகத் தாழ்ந்த குரலிலேயே நிகழ்ந்தது. இம்முரண்பாட்டை மனித இயல்பு எனக் கூறி ஒதுக்கிவிடலாகாது.

நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுவோம். ஆர்க்கன்சோ மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் பல, பெரும் மந்தைகளோடும் வண்டிகளோடும் யூட்டாவின் ஊடாகச் சென்றன. அலெக்சாண்டர் பான்சர், ஜோன் பேக்கர் என்போர் அக்கூட்டத்தின் தலைவர்கள். அவ்வாண்டு யூட்டாவிலே போர்ப்பீதி நிலவியது. ஆளுநராகவும் மதத் தலைவராகவும் இருந்த பிறிகம் யங்கைப் பதவியிலிருந்து நீக்குவதற்கு அமெரிக்க அரசு படையொன்றை அனுப்பியிருந்தது. வழிப்போக்கர் பகைவராகத் தோன்றும் காலம் அது. செப்ரெம்பர் 7ஆந் திகதி தாக்குதல் தொடங்கிற்று. வண்டிகளை வளைத்து அரணமைத்துப் பயணிகள் ஐந்து நாள் எதிர்த்து நின்றனர். ஐந்தாம் நாள் ஜோன் டி. லீ என்பவர் வெள்ளைக்கொடியுடன் சென்று, ஆயுதங்களைக் கையளித்தால் பாதுகாப்பாக அழைத்துச் செல்வதாக வாக்களித்தார். சிறு குழந்தைகளும் காயப்பட்டோரும் வண்டிகளில் முன்னே சென்றனர்; பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் அவர்களுக்குப் பின்னே நடந்தனர்; ஆடவர் இறுதியாக, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உள்ளூர்க் குடிப்படையினர் ஒருவர் துணைவரப் புறப்பட்டனர். குறித்த ஆணை பிறந்ததும், துணைவந்தவர்களே கொலைஞராயினர். எஞ்சியவை பதினேழு குழந்தைகள். ஏறத்தாழ ஏழு வயதுக்குட்பட்ட அவர்கள் கதை சொல்லும் வயதினர் அல்லர் எனக் கருதப்பட்டமையாலேயே உயிர் தப்பினர்.

இனி ஏடுகளுக்கு வருவோம். கொலை நடந்து இரு மாதங்கள் கழித்து, நவெம்பர் 20ஆந் திகதி, லீ பிறிகம் யங்குக்கு ஓர் அறிக்கை எழுதினார். கொலைப்பழி முழுவதும் அதிலே பழங்குடியினரான பையூற் மக்கள்மீது சுமத்தப்பட்டது. பையூற்றுகளிற் சிலர் தாக்குதலிற் சேர்க்கப்பட்டிருந்தனர் என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. எத்துணைப்பேர் என்பதிலும், இறுதி நாளில் அவர்கள் செய்தது என்ன என்பதிலும் கருத்துவேறுபாடு உண்டு. பையூற் மக்களின் வாய்மொழி மரபோ தம்மவர் பங்கை மிகச் சிறிதென்றும் இல்லையென்றும் கூறும். திட்டமிட்டவர்கள் வெள்ளையரான குடிப்படைத் தலைவர்கள் என்பதில் இன்று ஐயமில்லை. ஆனால் முதல் அறிக்கையை எழுதியவர் கொலைக்களத்திலே வெள்ளைக்கொடியின் பேரில் வாக்களித்தவர். பிற்காலத்தவர் ‘மூலாதாரம்’ என்று போற்றும் தகுதி அவ்வறிக்கைக்கும் உண்டல்லவா? அது அக்காலத்தது, சம்பந்தப்பட்டவர் கையால் எழுதப்பட்டது, திகதியிடப்பட்டது. பொய்க்கு வேண்டிய இலக்கணங்களும் இவையே.

குழந்தைகளைப் பற்றிய கணக்குகள் இன்னும் கொடியவை. 1859இல் அரசாங்க அதிகாரியாகிய ஜேக்கப் போர்ணி அப்பதினேழு பேரையும் மோர்மன் குடும்பங்களிலிருந்து சேகரித்து ஆர்க்கன்சோவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அப்போது, அக்குழந்தைகளைப் பழங்குடியினரிடமிருந்து விலைகொடுத்து மீட்டதாகக் கணக்குக் காட்டி அரசிடம் பணம் கோரியோர் உளர். குழந்தைகள் பழங்குடியினர் கையில் இருந்ததேயில்லை எனக் கண்ட போர்ணி அக்கோரிக்கைகளை ஏற்க மறுத்தார். தாய்தந்தையரைக் கொன்ற ஊரார் பிள்ளைகளின் மீட்புக்கூலி கேட்டுக் கணக்குச்சீட்டு எழுதினர் என்ற செய்தியைச் சீட்டை வாசிக்கும் வழித்தோன்றல் எவ்வாறு தாங்கிக்கொள்வார் என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவர் முன்னிருப்பது குருதி தோய்ந்த ஏடன்று; தொகையும் ஒப்பமும் உள்ள சாதாரணக் கடதாசி.

கொலையுண்டோரின் நற்பெயரும் ஏடுகளிலே கொல்லப்பட்டது. அவர்கள் வழியிலே நீர்நிலைக்கு நஞ்சிட்டனர், மாட்டுப் பிணத்துக்கு நஞ்சூட்டினர், மோர்மன் தீர்க்கதரிசியைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்தவரெனப் பெருமையடித்தனர் என்றெல்லாம் கதைகள் எழுந்தன. கால்நடைகளும் மனிதரும் இறந்தமைக்கு அந்திராக்ஸ் போன்ற நோயே காரணமாயிருக்கலாமென அண்மைய ஆய்வாளர் கருதுகின்றனர். கொன்றவனுக்குக் கொலையுண்டவன் தீயவனாக இருத்தல் அவசியமாகின்றது. ஆகவே அத்தகைய கொலையிற் பிழைத்தவரின் பேரப்பிள்ளை, உயிரை யார் பறித்தார் என்பதோடு பெயரை யார் பறித்தார் என்பதையும் தேடவேண்டியவராகின்றார்.

கொலிங்வுட் என்னும் மெய்யியலாளர் ‘வரலாறு பற்றிய கருத்து’ (1946) என்ற நூலில், வரலாற்றாசிரியரைக் கொலையொன்றைத் துப்பறிபவருக்கு ஒப்பிடுகின்றார். சாட்சி சொன்னதை அப்படியே வெட்டி ஒட்டுபவர் வரலாற்றாசிரியராகார். சாட்சி ஏன் இதனைச் சொல்கின்றார் என வினவுபவரே ஆவார் என்பது அவர் வாதத்தின் சாரம். பொய்யறிக்கையும் இவ்வாறு மெய் சொல்லத் தொடங்குகின்றது. லீயின் கடிதம் பையூற்றுகளைப் பற்றி நமக்கு எதனையும் நம்பத்தக்கதாகக் கூறவில்லை. ஆனால் 1857 நவெம்பரில் எதனை மறைக்கவேண்டியிருந்தது என்பதை அது தெளிவாகக் கூறுகின்றது. துப்பறிபவர் குறித்த காலத்துள் ஒருவரைக் கைதுசெய்தாக வேண்டும், வரலாற்றாசிரியருக்கு அந்த அவசரம் இல்லை என்பதும் கொலிங்வுட் காட்டும் வேறுபாடு. கொலையுண்டவரின் வழித்தோன்றல் இவ்விருவருக்கும் இடையில் நிற்பவர். கைதுசெய்ய எவருமிலர், எனினும் காலம் எல்லையற்றதுமன்று. சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்துகொண்டிருக்கின்றனர்.

நீதிமன்றம் என்ன செய்தது? 1874இல் ஒன்பது பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. விசாரணைக்கு நிறுத்தப்பட்டுத் தண்டனை பெற்றவர் லீ ஒருவரே. 1875இல் நடந்த முதல் விசாரணையில் ஜூரிமார் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1876இல் நிகழ்ந்த இரண்டாவது விசாரணையில், அனைவரும் மோர்மன் மதத்தினரான ஜூரிமார் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தனர். 1877 மார்ச் 23ஆந் திகதி, கொலை நடந்த அதே புற்றரைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தமது சவப்பெட்டியின்மேல் அமர்ந்தபடி அவர் சுடப்பட்டார். சட்டத்தின் கணக்கு அத்துடன் முடிந்தது. பலர் செய்த கொலைக்கு ஒருவரின் உயிர் ஈடாகக் கொள்ளப்பட்டபோது, மற்றையோரின் பெயர்கள் அந்த ஒரு பிணத்தின் கீழே புதைக்கப்பட்டன. லீயின் வழிவந்தோரும் இதனால் நீண்டகாலம் மனக்குறை கொண்டிருந்தனர். அவர் குற்றமற்றவர் என்பதன்று அவர்தம் வாதம். அவர் தனியராகச் செய்யவில்லை என்பதே. மதத்திலிருந்து 1870இல் நீக்கப்பட்ட லீ, 1961இல், இறந்து எண்பத்து நான்கு ஆண்டுகளின் பின், மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கொலைஞரின் பேரப்பிள்ளைகளும் ஏடுகளிலே நீதி தேடுகின்றனர் என்பது அவதானிக்கத்தக்கது.

இவ்விடத்தில் ஜுவானிற்றா புறூக்ஸ் என்னும் அம்மையாரைப் பற்றிக் கூறாதிருத்தல் இயலாது. நெவாடாவின் பங்கர்வில் என்னும் சிற்றூரில் 1898இற் பிறந்து, மோர்மன் மதத்திலேயே வாழ்ந்து 1989இல் மறைந்தவர் அவர். இளமையில் மெஸ்கீற் என்ற ஊரிலே ஆசிரியையாக இருந்தபோது, நெவி ஜோன்சன் என்னும் முதியவர் அவரை நாடி வந்து, தாம் கண்டவற்றைச் சாகுமுன் எழுதிவைக்க விரும்புவதாகவும், எழுத்துதவி வேண்டுமென்றும் கேட்டார். கொலை நாளன்று களத்திலே இருந்தவர் அவர். லீயின் விசாரணையிலே சாட்சியமும் அளித்தவர். அப்படியிருந்தும் நாவிலே வராத ஒன்று அவரிடம் எஞ்சியிருந்தது போலும். இளம் ஆசிரியைக்கு வேலைப்பளு. பின்னர் எழுதலாமெனத் தள்ளிப்போட்டார். 1919இல் முதியவர் மரணப்படுக்கையில் கிடக்கின்றார் எனக் கேட்டு அவர் சென்றபோது காலம் கடந்துவிட்டது. நினைவு தடுமாறிய கிழவர் இரத்தம் இரத்தம் என்று அலறினாரேயன்றி, எழுதத்தக்க வாக்கியமொன்றும் கூறவில்லை.

அதன் பின்னர் புறூக்ஸ் பல ஆண்டுகள் தேடினார். வீடு வீடாகப் பழைய நாட்குறிப்புகளைக் கேட்டுப் பிரதிசெய்தார். 1950இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் அவருடைய நூலை வெளியிட்டது. கொலையின் பொறுப்பு உள்ளூர் மோர்மன் தலைவர்களையே சாருமென்று, மோர்மனாக இருந்துகொண்டே ஆதாரத்துடன் எழுதிய முதல் பெருநூல் அதுவெனலாம். அவருடைய பாட்டனார் டட்லி லெவிற் அச்சம்பவத்தோடு தொடர்புடையவரென்பது அவர் அறிந்ததே. அயலார் பலரின் பாராமுகத்தை அவர் வாழ்நாள் முழுவதும் தாங்கவேண்டியிருந்தது.

புறூக்ஸ் குற்றவாளியா? இல்லை. அவர் பிறப்பதற்கு நாற்பத்தோராண்டு முன்னர் நிகழ்ந்தது அது. கார்ல் யாஸ்பர்ஸ் என்னும் ஜேர்மன் மெய்யியலாளர் 1946இல் வெளியிட்ட நூலிலே குற்றத்தை நால்வகைப்படுத்தினார்: சட்டக் குற்றம், அரசியற் குற்றம், ஒழுக்கக் குற்றம், மெய்யியற் குற்றம். சட்டக் குற்றமும் ஒழுக்கக் குற்றமும் தனிமனிதரையே சாரும். அவை மகனுக்கும் பேரனுக்கும் சொத்துப்போல இறங்குவனவல்ல. ஹன்னா ஆரண்ட் அம்மையாரும் குற்றம் வேறு, பொறுப்பு வேறு எனப் பிரித்துக் காட்டினார். எல்லாரும் குற்றவாளிகள் என்று சொல்லுமிடத்து எவருமே குற்றவாளியல்லர் என்றாகிவிடும் என்ற அவருடைய எச்சரிக்கை மிகவும் பொருத்தமானது. பாட்டன் செய்த கொலைக்குப் பேரன் தலைகுனியவேண்டுமென்பது குலப்பழிக் கோட்பாட்டின் எச்சமேயாகும்.

அவ்வாறாயின் கொலைஞரின் வழித்தோன்றலுக்கு யாதொரு கடமையும் இல்லையா? உண்டென்றே நான் கருதுகின்றேன். அது குருதிவழி வருவதன்று, பெட்டிவழி வருவது. பாட்டனின் நாட்குறிப்பு எவருடைய வீட்டுப் பெட்டியில் இருக்கின்றதோ, அவரிடம் அக்கடமை இருக்கின்றது. கொலையுண்டோரின் ஏடுகள் வண்டிகளோடு சூறையாடப்பட்டன. அவர்தம் உடைமைகள் அயலூரிலே ஏலமிடப்பட்டன. ஆர்க்கன்சோவிலிருந்த உறவினரிடம் இருந்தவை, புறப்பட்டவர் பெயர்ப் பட்டியலும் சில குழந்தைகளின் மங்கிய ஞாபகமுமே. மூன்று வயதிலே உயிர் தப்பிய ஸாரா பேக்கர், 1940இல், முதுமையின் எல்லையிலே தம் நினைவை ஒரு பத்திரிகைக்குக் கூறினார். அதற்குமேல் அறியவேண்டியவை யாவும் மறுபக்கத்தாரின் பெட்டிகளில் இருந்தன. அறியும் உரிமை ஒரு பக்கத்திலும் அறியத்தரும் ஆற்றல் மறுபக்கத்திலும் இவ்வாறு பிரிந்து கிடக்குமாயின், ஆற்றலே கடமையைத் தோற்றுவிக்கின்றது. ஒருவர் குளத்தில் மூழ்கும்போது கரையிலே கயிறு வைத்திருப்பவர், தாம் தள்ளிவிடவில்லை என்று கூறி வாளாவிருத்தல் கூடாதல்லவா? முன்னர் எழுப்பிய வினாவுக்கு, கடமையாளர் எவர் என்பதற்கு, இதுவே நான் காணும் விடை.

நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். கொலையைப் பற்றி அன்ட்ரூ ஜென்சன் என்ற மோர்மன் வரலாற்றுப் பதிவாளர் 1892இல் உயிரோடிருந்த சாட்சிகளை நேரிற் கண்டு குறிப்பெடுத்தார். டேவிட் மொறிஸ் என்ற நீதிபதி வேறு சில சத்தியக்கடதாசிகளைச் சேகரித்திருந்தார். அக்கடதாசிகளைப் பார்வையிடப் புறூக்ஸ் திருச்சபைத் தலைமையிடம் சென்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. அது மறுக்கப்பட்ட செய்தியையே தமது நூலிற் பதிவுசெய்தார். இவ்விரு தொகுதிகளும் 2009இலேயே நூலாக அச்சேறின. ஜென்சன் எழுதியதற்கும் உலகம் வாசித்ததற்கும் இடையில் 117 ஆண்டுகள். அவ்விடைக்காலத்தில் உயிர் தப்பிய பதினேழு குழந்தைகளும் வளர்ந்து, முதிர்ந்து, இறந்தனர். கடதாசிகள் எரிக்கப்படவில்லை, காக்கப்பட்டன என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆனால் அறிய உரிமையுடையவர் இறந்தபின் திறக்கப்படும் பெட்டி, அவரைப் பொறுத்தமட்டில் எரிக்கப்பட்ட பெட்டியே.

மறுப்புரை கூறுவோர் உளர். பழம் புண்ணைக் கிளறுவதால் யாருக்கு நன்மை? சிற்றூர்களிலே, ஒரே கிணற்றிலும் ஒரே ஆலயத்திலும் புழங்கும் குடும்பங்களிடையே, இன்னாருடைய பாட்டன் இன்னது செய்தான் என்ற பேச்சு எழுமாயின், ஒரு குற்றமும் செய்யாத பிள்ளைகள் அன்றோ நாணித் துன்புறுவர்? இம்மறுப்பை இலகுவிலே தள்ளிவிட முடியாது. தென் யூட்டாவிலே மௌனம் காத்தவர்களிற் பலர் கொலையை நியாயப்படுத்தியவரல்லர்; அயலவரின் மனம் நோகாதிருக்கவே வாய்மூடினர். அண்டைவீட்டார்மீது கொண்ட அன்பே மௌனத்தின் காவலாக நின்றது. எனினும் அம்மௌனத்தின் செலவை யார் செலுத்தினர் என்று பார்க்கவேண்டும். கொலைஞரின் பிள்ளைகள் நாணாதிருக்கும் பொருட்டு, பையூற் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழி சுமந்தனர். அவர்களிடம் எழுதிய ஏடு இல்லை. ஏடுடையவர் எழுதியதே நிலைத்தது. நாணம் தப்பியது ஒரு சாராருக்கு. அது மறைந்துபோகவில்லை, வலிமை குன்றிய இன்னொரு சாரார் தலையிலே இறக்கி வைக்கப்பட்டது. 2007 செப்ரெம்பர் 11ஆந் திகதி, நூற்றைம்பதாம் ஆண்டு நினைவின்போது, திருச்சபையின் சார்பிலே ஹென்றி ஐரிங் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். பையூற் மக்களுக்குத் தனியாக ஒரு வருத்தம் தெரிவிக்கப்பட வேண்டியுள்ளதென்றும் அவர் கூறினார். மௌனத்தின் கணக்குப் புத்தகத்திலே அவர்கள் பெயரும் இருந்ததென்பதற்கு இது தாமதமாக வந்த ஒப்புதல்.

கொலையுண்டோரின் வழித்தோன்றலுக்கும் கடமைகள் உண்டு. முதலாவதாக, வழித்தோன்றல் என்ற சொல்லே இங்கு தளர்வாகத்தான் பொருந்தும். புற்றரையில் மாண்டவர் பலர் குடும்பத்தோடு மாண்டவர். அவர்களுக்குச் சந்ததியே இல்லை. இன்று தேடுபவர் பெரும்பாலும் அவர்தம் அண்ணன் வழியிலோ தங்கை வழியிலோ வந்தவர். தமக்கென அழுவதற்குப் பிள்ளையும் எஞ்சாதவருக்காக அவர் தேடுகின்றார். அதனாலேயே, மூதாதையைத் தம் விருப்பப்படி வனைந்துகொள்ளும் ஆசையும் அவரைப் பற்றுகின்றது. மூதாதை குற்றமறியாத் தெய்வப்பிறவியாக இருந்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது, கொலைஞரின் அவதூற்றை மறுபுறம் திருப்பிப் போட்டதற்கு ஒப்பாகும். வழியில் எவரையேனும் திட்டியிருக்கலாம், பிறர் புற்றரையில் மந்தையை மேயவிட்டிருக்கலாம். அதனால் கொலை சிறிதும் நியாயமாகிவிடாது. ஆகவே அதனை மறைக்கவேண்டிய தேவையும் இல்லை.

இரண்டாவது, சான்று எங்கே நிற்கின்றதோ அங்கே சினமும் நிற்றல் வேண்டும். சிலப்பதிகாரத்துக் கண்ணகி பாண்டியன் அவையிலே கண்ணீரை மட்டும் காட்டவில்லை. சிலம்பை உடைத்து, உள்ளிருந்த மாணிக்கத்தைக் காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். இதனிலும் தெளிவான சான்று எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது. சிலம்பு உடைந்த கணத்திலேயே கோவலனின் வழக்கு முடிந்துவிட்டது. மதுரை எரிந்தது வேறொரு வினை. அதற்குச் சிலம்பு சான்றாகாது. (நமது காவிய விமரிசகர்கள் இவ்விரண்டையும் ஒரே மூச்சிலே புகழ்ந்துவிடுவது எனக்கு எப்போதும் சங்கடமாகவே தோன்றும்.) மவுண்டன் மெடோஸ் விடயத்தில் இது எளிய காரியமன்று. பிறிகம் யங்கே ஆணையிட்டார் எனப் பலர் நம்பினர். இன்றும் நம்புவோர் உளர். ஆலோசனை கேட்டு ஏறத்தாழ 250 மைல் குதிரையிற் சென்ற ஹஸ்லம் என்ற தூதர், பயணிகளைப் போகவிடுமாறு யங் எழுதிய கடிதத்துடன் திரும்பியது கொலைக்கு இரண்டு நாள் பிந்தி. அனுப்பிய கடிதம் கிடைக்கவில்லை. அதன் படி கடிதப் பிரதியேட்டில் உள்ளது. யங்கின் கடுமையான பேச்சுக்களும், பழங்குடியினரோடு அவர் செய்துகொண்ட ஏற்பாடுகளும் அச்சூழலை உருவாக்கின என்று சொல்லலாம். ஆணையிட்டார் என்று சொல்லுவதற்கு அச்சான்று போதாது என்பது 2008இல் திருச்சபை சார்ந்த ஆய்வாளர் மூவர் வெளியிட்ட நூலின் முடிவு. திருச்சபையின் சம்பளத்தில் இருந்தவர் முடிவு எனக் கூறி இதனைத் தள்ளலாம். தள்ளுபவர், அப்பிரதியேட்டுக்கு என்ன பொருள் கொள்கின்றார் என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்.

ஏடுகள் போதாதவிடத்து எலும்புகள் பேசுமா என்பது எஞ்சிய பிரச்சினை. 1859இல் மேஜர் கார்ல்ற்றன் தலைமையில் வந்த இராணுவத்தினர் சிதறிக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிப் புதைத்து, மேலே கற்குவியலும் மரச்சிலுவையும் நாட்டினர். 1990இல் இரு பக்கத்து வழித்தோன்றல்களும் கூடி, மாண்டோர் பெயர் பொறித்த கருங்கற் சுவரைத் திறந்துவைத்தனர். லீயின் வழிவந்தவரும் பிறிகம் யங் பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவருமாகிய றெக்ஸ் லீ, கொலையுண்டோரின் உறவினருடன் அன்று கைகோத்து நின்றார். 1999 ஓகஸ்ட் 3ஆந் திகதி, பழைய கற்குவியலைப் புதுப்பிக்கும் வேலையின்போது மண்வெட்டும் இயந்திரம் தற்செயலாக எலும்புக்குவியலைக் கிளப்பிவிட்டது. குறைந்தது 28 பேருடைய எச்சங்கள் அவை. சட்டப்படி அவை ஆராயப்படவேண்டியவை. யூட்டாப் பல்கலைக்கழகத்தின் ஷனன் நோவக் அவற்றை ஆராயத் தொடங்கினார். ஆடவர் மண்டையோடுகளிலே துப்பாக்கிச் சூட்டின் துளைகளும், பெண்கள் குழந்தைகளுடையவற்றில் மழுங்கிய கருவியால் அடித்த வெடிப்புகளும் காணப்பட்டன. பழங்கதைகள் பையூற் மக்கள்மேல் சுமத்திய அம்புக் காயமோ, கத்தியால் தலைத்தோல் உரித்த தடமோ அவ்வெலும்புகளிற் காணப்படவில்லை.

உறவினர் இரு கூறாயினர். முற்றாக ஆராய்ந்து உண்மையைச் சொல்லுங்கள் என்றனர் சிலர். ஒரு முறை சிதைக்கப்பட்டவர்களை மறுமுறையும் மேசைமேற் பரப்பவேண்டாம், உடனே அடக்கஞ் செய்யுங்கள் என்றனர் வேறு சிலர். இரண்டும் அன்பின் குரல்களே. ஆளுநர் மைக் லெவிற் விரைந்து அடக்கஞ் செய்யும்படி கேட்டுக்கொண்டார். அவரும் டட்லி லெவிற்றின் வழிவந்தவர். அவர் மனத்திலே இருந்தது மரியாதையா, வேறு எண்ணமா என்று நாம் தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் பெட்டியின் சாவி யார் கையில் இருந்தது என்ற வினாவுக்கு இதனைவிடக் கூர்மையான உதாரணம் கிடைப்பது அரிது. ஆராய்ச்சி முற்றுப்பெறாமலே 1999 செப்ரெம்பர் 10ஆந் திகதி எலும்புகள் மீளப் புதைக்கப்பட்டன. சுவரிலே பெயர்கள் உள்ளன, மண்ணிலே எலும்புகள் உள்ளன. எந்த எலும்பு எந்தப் பெயருக்குரியது என்று எவரும் அன்று குறிக்கவில்லை.